பழைய கார் வாங்கும்போது மிதியடியைத் தூக்கிப் பாருங்கள்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நான் முதன்முதலாக ஒரு கார் வாங்கினேன். ஆறு வயதான சிறிய பெட்ரோல் வண்டி. விலை 1,90,000 ரூபாய். அப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. சிகிச்சை முடிந்து தளர்ந்த உடம்போடு அவரைப் பேருந்தில் அழைத்து வருவது முடியாத காரியமாகிவிட்டதால், கையிலிருந்த சேமிப்போடு கூட்டுறவுச் சங்கக் கடனையும் சேர்த்து, பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் அவசர அவசரமாக அந்த வண்டியை எடுத்தேன். சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் ஓடியது. ஏசி குளிர்ந்தது. பெயிண்ட் பளபளத்தது. துணைக்கு வந்த உறவினர் எஞ்சின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுதும்மா" என்றார். நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

அதே ஆண்டு நவம்பரில், சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில், ஆல்பேட்டைக்கு முன்னால் தென்பெண்ணைப் பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டது. டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் அனைத்தும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன. பின்னிருக்கையில் அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்தபடி வரிசையாக நின்றன. ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கி வந்து வண்டியை ஓரம் கட்டித் தள்ளிக்கொடுத்ததோடு, அப்பாவை வீட்டிலும் கொண்டுவந்து விட்டார். மறுநாள் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றோம்.

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் வழக்கமாக அணியும் அளவோடு நிறுத்தாமல், இதற்கு மேல் வராது என்னும்வரை, சுருளின் அடிவரைக்கும் இழுத்தார். பெல்ட்டின் கடைசி ஒன்றரை அடி பழுப்பேறி விறைத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டியபோது கேழ்வரகு மாவைப் போல வண்டல் உதிர்ந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

"டீச்சர், இது மழையில நனைஞ்ச வண்டி இல்ல. தண்ணியில நின்ன வண்டி" என்றார்.

அடுத்த ஒன்றரை ஆண்டில் அந்தக் காருக்காக நான் செலவழித்தது ஏறத்தாழ 70,000 ரூபாய். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், வீல் பேரிங்குகள், கடைசியாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இறுதியில் உடைத்து உதிரிபாகம் விற்பவரிடமே அதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசிவரை அந்த எஞ்சினில் பெரிய குறை எதுவும் வரவில்லை. நாங்கள் சோதித்த ஒரே உறுப்பு நன்றாக இருந்தது. சோதிக்காத மற்ற அனைத்தும் கெட்டிருந்தன.

அதன் பிறகு அந்த மெக்கானிக்கின் துணையோடு, உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் உறவினர்களுக்குமாக ஒன்பது பழைய வண்டிகளைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். கடைசியாக 2025 ஆகஸ்டில், முதலியார்பேட்டையில் வசிக்கும் என் தங்கைக்காகப் பார்த்தோம். இத்தனை வண்டிகளைப் பார்த்ததில் எனக்குள் உறுதிப்பட்டிருப்பது பார்வையின் வரிசைதான். நம் பகுதியில் பத்து வயதைக் கடந்த ஒரு காரைப் பார்க்கப் போனால் முதலில் தரையையும் அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். அடுத்து ஆவணங்களைப் பார்க்க வேண்டும். எஞ்சினைக் கடைசியில் பார்த்தால் போதும். எஞ்சின் வேலைக்கு ஒரு விலை உண்டு, அதைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். துரு தின்ற உடலுக்கும், வெள்ளத்தில் ஊறிய வயரிங்குக்கும், பெயர் மாற முடியாத ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றுக்கும் அப்படி ஒரு தொகையைச் சொல்ல யாராலும் முடியாது.

நம் ஊர்களுக்கு இந்த வரிசை ஏன் பொருந்துகிறது என்பதை, கடந்த சில ஆண்டுகளை நினைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் எத்தனை தெருக்கள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் நீரில் மூழ்கின. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இந்த ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நனைந்த வண்டிகள் எங்கோ போயின. அவற்றில் ஒரு பங்கு மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது.

அவை எப்படி வருகின்றன என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சேதமடைந்த வண்டியைப் பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறிப்பிட்டுள்ள காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிடும். புதிய காருக்கு அந்த எல்லை உயரமானது. பத்து வயதான காருக்கு மதிப்பே ஒன்றரை இலட்சம்தான் என்னும்போது, இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் ஏறினாலே அது முழு இழப்பாகிவிடும். அந்த உடல் ஏலத்தில் மலிவாகப் போகும். வாங்கியவர் காயவைத்து, கழுவி, கார்ப்பெட் மாற்றி, பாலிஷ் போட்டு, வெள்ளம் வராத வேறோர் ஊரில் நிறுத்தி விற்பார். ஆகவே பழைய வண்டியில்தான் இந்த ஆபத்து அதிகம். தண்ணீரில் நின்ற வண்டி உடனே கெடுவதும் இல்லை. கனெக்டர்களுக்குள் தங்கிய ஈரமும் வண்டலும் செம்பைப் பச்சை பூக்க வைத்து, பல மாதங்கள் கழித்தே தொடர்பைத் துண்டிக்கும். சோதனை ஓட்டத்தின்போது வண்டி குறையில்லாமல் ஓடுவதற்கு அதுவே காரணம்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு டார்ச்சும், மண்டியிட்டு உட்காரக் கூச்சப்படாத மனமும் போதும். நான்கு மிதியடிகளையும் எடுத்துவிட்டு, கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டையைச் சற்றே தூக்கி, கார்ப்பெட்டின் அடியில் விரலை நுழைத்துப் பாருங்கள். அங்கே உள்ள பஞ்சுப் படலம் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும். மேலே உலர்ந்த கார்ப்பெட்டும் அடியில் சில்லென்ற ஈரமும் இருந்தால், ஏசித் தண்ணீர் உள்ளே ஒழுகுகிறது அல்லது வெள்ளம் புகுந்திருக்கிறது என்று பொருள். பத்து வயதான வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதற்கும் காரணம் கேட்க வேண்டும். பிறகு இருக்கையை முன்னே தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தையும் அதைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். வீட்டுக்கு முன்னே நின்று மழையில் நனையும் வண்டியில் இந்த இடத்துக்குத் தண்ணீர் வர வழியே இல்லை. அங்கே செந்துரு பூத்திருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது.

டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அது கிடக்கும் குழியை விரலால் தடவுங்கள். கழுவுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் இடம் அது; மூலைகளில் மெல்லிய சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். ஜாக்கியின் மரையில் உள்ள துருவும் உண்மையைச் சொல்லும். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, பெடல்களைத் தாங்கும் இரும்புப் பட்டைகளையும் வயர்க் கொத்துகளையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பிறகு சீட் பெல்ட்டை அடிவரை இழுங்கள். ஐந்து பெல்ட்டுகளையும் இழுங்கள். அதன் அடிப்பகுதியில் தைத்திருக்கும் சிறு துணிச் சீட்டில் தயாரித்த காலம் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். வண்டி 2013, பெல்ட் 2016 என்றால் மாற்றிய காரணத்தைக் கேட்டாக வேண்டும். உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், கண்ணாடிகளை ஏற்றி வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறங்கள். பூஞ்சணத்தின் புழுங்கல் வாடையை வெயில் வெளியே கொண்டுவந்துவிடும்.

விற்பவரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஃபெஞ்சல் அடிச்ச ராத்திரி வண்டி எங்க நின்னுச்சு?" சொந்தமாக வைத்து ஓட்டியவருக்கு அந்த இரவு நன்றாக நினைவிருக்கும், மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தது எல்லாவற்றையும் கேட்காமலே சொல்வார். அன்று வண்டி தன்னிடம் இருக்கவில்லை என்றால், யாரிடம் இருந்தது என்ற கேள்வி தானாகப் பிறக்கும்.

வெள்ளத்துக்கு அடுத்தது உப்பு. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற கடலோரத் தெருக்களில் திறந்த வெளியில் நிற்கும் வண்டியின் மேல் இரவெல்லாம் படியும் காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், மழையே இல்லாத மே மாதத்திலும் அந்த இரும்பு முழுதாகக் காய்வதில்லை. கோயம்புத்தூரில் ஓடிய பத்து வயது வண்டியும் கடற்கரையில் நின்ற பத்து வயது வண்டியும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டினாலும் ஒரே வயதுடையவை ஆகா. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் ஓட்டைகள், சக்கர வளைவுகளின் உள்மடிப்பு, பேட்டரிக்கு அடியில் உள்ள தட்டு, முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் கிண்ணம், பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு ஆகிய இடங்களில்தான் துரு தொடங்கும். மேலோட்டமாகப் படர்ந்த துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடலாம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டும்போது 'டங்' என்று ஒலிக்காமல் அட்டையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தாலோ, தகடு உதிர்ந்தாலோ, அது வண்டியைத் தாங்கும் பகுதியாக இருந்தால் அந்த வண்டி நமக்கு வேண்டாம். அடிப்பாகம் முழுவதும் அண்மையில் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். துருவை நீக்கிய பிறகு அடித்ததா, துருவின் மேலேயே அடித்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது; விற்பனைக்குச் சில நாள் முன்பு அடிக்கப்பட்டதை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

விபத்தில் அடிபட்ட வண்டியைக் கண்டறிவது குறித்துப் பலரும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை இழுத்துவிட்டால் கூரையைத் தாங்கும் தூணின் மேல் வட்ட வட்டமாக வெல்டிங் புள்ளிகள் தெரியும். தொழிற்சாலையில் வைத்தவை சீரான இடைவெளியில் இருக்கும், டிங்கரிங் பட்டறையில் வைத்தவை அப்படி இருப்பதில்லை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடல் முழுதும் நகர்த்தினால், நசுங்கலை நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது பிடிக்காமல் நழுவும். பானெட்டையும் பக்கவாட்டுத் தகட்டையும் பிணைக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட காயம் இருந்தால் அந்த உறுப்பு கழற்றப்பட்டிருக்கிறது. கூரை மட்டும் தனியாகப் பெயிண்ட் அடித்திருந்தால் உருண்ட வண்டி என்று பிற ஊர்களில் அஞ்சுவார்கள். இங்கே 2011 டிசம்பர் 30 தானே புயலில் மரம் விழுந்து கூரை நசுங்கிய வண்டிகளும் இருந்தன. ஆகவே அதற்கு முந்தைய வண்டியாக இருந்தால் தூண்கள் நேராக உள்ளனவா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

இனி ஆவணங்கள். கடலூரும் புதுச்சேரியும் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தாலும், எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் பதிவும் வரியும் வேறு. புதுச்சேரியில் பி.ஒய். 01 என்ற அந்த ஊர்ப் பதிவெண் கொண்ட வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கடலூர்க்காரர்கள் ஆசைப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் பெற வேண்டும். அதற்குப் படிவம் 28இல் பழைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வண்டியின் வயதைக் கணக்கிட்டுச் சாலை வரி கட்ட வேண்டும். இந்தத் தொகையையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த வண்டி பல நேரங்களில் டி.என். 31 என்ற கடலூர்ப் பதிவெண் கொண்ட வண்டியின் விலைக்கே வந்து நிற்கும். "அப்படியே ஓட்டுங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்று புரோக்கர் சொல்வார். விபத்து நேர்ந்தால் கேட்பார்கள்.

ஆர்.சி.யில் முதலில் பார்க்க வேண்டியது பதிவு நாள். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், நம் மக்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. தமிழ்நாட்டில் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. 14 வயது வண்டியை வாங்குகிறவர் அடுத்த ஆண்டே இந்தச் செலவு வரும் என்பதை விலை பேசும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். துருப்பிடித்த வண்டிக்கு எஃப்.சி. கிடைக்குமா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அடுத்தது ஹெச்.பி. என்னும் கடன் பதிவு. கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கடன் கொடுத்தவரின் கடிதமும் படிவம் 35உம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அதை நீக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். நீக்கிய பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள். உரிமையாளர் இறந்துபோயிருந்தால், வாரிசு படிவம் 31 வழியாகத் தன் பெயருக்கு மாற்றிய பிறகே நமக்கு விற்க முடியும். மகனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவந்து இரண்டாண்டு அல்லாடிய ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் பதிவு நாள், காப்பீடு, கடன் விவரம் ஆகியவை தெரியும். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளை வண்டியின் உடலிலேயே பார்த்து, ஆர்.சி.யோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் பழைய முறையை நான் இன்றும் கைவிடவில்லை. சுரண்டித் திருத்திய எழுத்து கண்ணுக்குத் தப்பினாலும் தாளில் பிசிறடிக்கும்.

காப்பீட்டுப் பாலிசியில் பலர் கவனிக்காத ஓர் எண் இருக்கிறது: நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி. ஒரே உரிமையாளர் தொடர்ந்து முழுக் காப்பீடு எடுத்து, இழப்பீடே கேட்காமல் இருந்தால் அது 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஆண்டுதோறும் ஏறும். 2024இல் 50 என்று இருந்து, 2025 பாலிசியில் பூச்சியமாகியிருந்தால், இடையில் இழப்பீடு கேட்டிருக்கிறார்கள் அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கிறது. எதற்காகக் கேட்டார்கள் என்பதை அறிய, கடைசி மூன்று பாலிசிகளையும் வாங்கிப் பார்ப்பது நல்லது. இந்தப் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். வண்டி கைமாறினால் அது விற்றவரோடே போய்விடும். பெயர் மாற்றிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

எஞ்சினுக்கு இப்போது வரலாம். பார்க்க வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நமக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் ஸ்டார்ட்டில் பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் படலம் இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கக்கூடும், எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, செயின் உள்ளதா என்று கேளுங்கள். பெல்ட் என்றால், கடைசியாக மாற்றியதற்கு ரசீது இல்லாத பட்சத்தில் வாங்கியவுடன் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடித்தால், தேய்ந்த ஆக்சில் ஜாயிண்ட் 'டக் டக்' என்று சொல்லும். சோதனை ஓட்டத்துக்குச் சமதளச் சாலை போதாது. நான் கேப்பர் மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்வேன். நாலு பேரோடும் ஏசியோடும் மூன்றாவது கியரில் ஏறும்போது, எஞ்சின் சுற்று கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. வெப்பமானி முள் உயர்ந்தால் குளிரூட்டும் அமைப்பில் குறை இருக்கிறது.

2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டியாக இருந்தால் எரிபொருள் ரப்பர் குழாய்களையும் பார்த்துவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று அவற்றில் பல செய்யப்பட்டவை அல்ல. வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்றுவது பெரிய செலவில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3217 என்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மீட்டரில் 40,000 கிலோமீட்டர் ஓடிய பத்து வயது வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை நம்பாமல் பெடலை நம்புங்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமாவதற்கு முன் வந்த ஆரம்ப நிலை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக்கே கிடையாது. குழந்தைகளை ஏற்றிச் செல்ல வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

தங்கைக்காக முதலில் பார்த்தது முத்தியால்பேட்டையில் ஒன்பது வயது வண்டி. வெளித்தோற்றம் அழகு, எஞ்சின் அருமை. மெக்கானிக் அடியில் படுத்துத் தட்டினார், பின் அச்சுக்கு அருகே தகடு விரலில் பெயர்ந்து வந்தது. தங்கை அந்த நிறத்தில் மனதைப் பறிகொடுத்திருந்தாள். "துருவைத் தட்டிப் பெயிண்ட் அடிச்சிக்கலாமே அக்கா" என்றாள். அந்தத் தகட்டுத் துண்டை அவள் கையில் கொடுத்தேன். அதன் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

இரண்டாவது, லாஸ்பேட்டையில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் இருந்த 2014ஆம் ஆண்டு வேகன் ஆர். ஒரே உரிமையாளர். பெயிண்ட் மங்கியிருந்தது, இடது கதவில் நீளமாக ஒரு கோடு. ஃபெஞ்சல் இரவைப் பற்றிக் கேட்டதும், "இது மேட்டுப் பகுதிம்மா, தெருவுல கணுக்கால் அளவுதான் தண்ணி, போர்ட்டிக்கோவுக்கு ஏறல" என்று சொல்லி, மறுநாள் காலையில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் தேடிக் காட்டினார். பெல்ட்டுகள் அடிவரை சுத்தமாக இருந்தன. கார்ப்பெட்டின் அடியில் பஞ்சு உலர்ந்து, சில இடங்களில் பொடிந்து, தொழிற்சாலைப் பெயிண்டின் நிறம் தெரிந்தது. குறைகளும் இருந்தன: நான்கு டயர்களும் ஆறு வயதைக் கடந்தவை, முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்கள் தேய்ந்திருந்தன, பேட்டரி பலவீனம். இவற்றுக்கு மெக்கானிக் சொன்ன 32,000 ரூபாயைத் தாளில் எழுதிக் காட்டினோம்; உரிமையாளர் பார்த்துவிட்டு விலையில் 25,000 குறைத்துக்கொண்டார்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வெற்றுத் தாளாகக் கையெழுத்திடாமல் முழுதும் நிரப்பிக் கையெழுத்திட்டோம். பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அவர்தான் என்பதால், அது அவருக்கும் பாதுகாப்பு. வண்டியை ஒப்படைத்த நேரத்தையும் மீட்டரின் எண்ணையும் எழுதிய ஒப்படைப்புக் கடிதத்தில் இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டார்கள்: ஆகஸ்ட் 17, காலை 11.40, 58,312 கிலோமீட்டர். தன் பெயரில் இருந்த ஃபாஸ்டேக்கை அவர் அங்கேயே கைப்பேசியில் மூடிவிட்டு, ஒட்டியிருந்த சீட்டைத் தானே நகத்தால் உரித்தெடுத்தார். தங்கை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பெல்ட்டை மறுபடியும் ஒருமுறை அடிவரை இழுத்துப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.